கடல் கற்பித்த ஆங்கிலம்: ஜோசப் கான்ராட்

ஆங்கில வகுப்பில் நம்மை அதிகம் திணற வைப்பவை எவை என்று கேட்டால், மரபுத்தொடர்கள் என்றே நம்மில் பலரும் ஒரே குரலில் சொல்வோம். தொடரில் உள்ள ஒவ்வொரு சொல்லும் நமக்குத் தெரிந்த சொல்லாகவே இருக்கும். ஆயினும் அச்சொற்கள் ஒன்று கூடியவுடன் வேறொரு பொருளைத் தந்து நம்மைப் பார்த்து நகைக்கும். ஒருவருடைய காலை இழுப்பதாக ஆங்கிலேயர் கூறினால், அவரிடம் விளையாட்டாகக் கேலி பேசுவதாகப் பொருள். நாமோ தமிழில் காலை வாரிவிடுவது என்று சொல்வதை நினைத்துக்கொண்டு, யாரோ யாருக்கோ துரோகம் இழைத்துவிட்டதாகக் கலங்குவோம்.

நம் மொழியில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? கம்பி நீட்டினான் என்கிறோம். கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை, ஆள் ஓடிவிட்டான். நல்ல செய்தி கொண்டு வந்தவரிடம் வயிற்றில் பால் வார்த்தீர்கள் என்கிறோம். தமிழ் பயில வந்த வேற்று நாட்டார் ஒருவர் இவற்றைக் கேட்டால் என்ன பாடுபடுவார்! அந்தப் பாட்டையே நாம் ஆங்கிலத்தில் படுகிறோம்.

இவ்வாறு அல்லல்படும் நமக்கு ஆறுதலும் ஊக்கமும் தரக்கூடிய வாழ்க்கை ஒன்று உண்டு. இருபது வயது வரை ஆங்கிலம் பேசத் தெரியாதிருந்தவர் அவர். ஆங்கிலம் அவருக்கு மூன்றாவது மொழி. பள்ளிக்கூடத்தில் அவர் அதைக் கற்கவில்லை. கரி ஏற்றிச் செல்லும் கப்பலில் கற்றார். பிற்காலத்தில் அம்மொழியின் தலைசிறந்த நாவலாசிரியர்களுள் ஒருவராக விளங்கினார். அவரே ஜோசப் கான்ராட்.

நாடிழந்த குடும்பம்

கான்ராட் 1857-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் நாள் பெர்டிச்சிவ் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் உக்ரைன் நாட்டில் உள்ளது; அன்று ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பெற்றோர் போலந்து மக்கள். அவர்கள் இட்ட பெயர் யோசெப் தியோடர் கொன்ராட் கொஜெனியோவ்ஸ்கி. அந்நாளில் போலந்து என்றொரு நாடு உலகப்படத்தில் கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று வல்லரசுகளும் அதனைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பங்கு போட்டுக்கொண்டிருந்தன. நாட்டை இழந்த அம்மக்களிடம் எஞ்சியிருந்த பெருஞ்செல்வம் அவர்களுடைய மொழியே.

தந்தை அப்போலோ ஒரு கவிஞர்; நாட்டு விடுதலைக்காக உழைத்தவர். அதற்காக 1861-இல் வார்சா நகரில் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு மனைவியோடும் நான்கு வயது மகனோடும் ரஷ்யாவின் வடக்கே குளிர் மிகுந்த வொலோக்டா நகருக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த வாழ்வின் துன்பம் தாயின் உடலை அரித்தது. காசநோயால் அவர் 1865-இல் காலமானபோது மகனுக்கு ஏழு வயது. மனம் உடைந்த தந்தை, ஷேக்ஸ்பியர், டிக்கன்ஸ், விக்டர் ஹியூகோ முதலியோரின் நூல்களைப் போலிஷ் மொழியில் பெயர்த்து வந்தார். உடன் விளையாடத் தோழர் இல்லாத அச்சிறுவன் தந்தையின் மேசை மீதிருந்த தாள்களை எடுத்துப் படிப்பான். ஆக, ஆங்கில இலக்கியம் முதன்முதலில் தன் தாய்மொழி உடுத்தியே அவனிடம் வந்தது.

1869-இல் கிராக்கோவ் நகரில் தந்தையும் மறைந்தார். பல்லாயிரம் பேர் திரண்ட இறுதி ஊர்வலத்தின் முன்னே பதினோரு வயதுச் சிறுவன் நடந்து சென்றான். அதன்பின் அவனைத் தாங்கியவர் தாய்மாமன் தடேயுஷ் பொப்ரோவ்ஸ்கி. தாய்மாமன் உறவின் அருமையை நாம் நன்கு அறிவோம். அவரும் அப்படியே மருமகனுக்கு அறிவுரையும் பணமும் இறுதிவரை அனுப்பி வந்தார்.

கடலை நோக்கி

கடலே இல்லாத உள்நாட்டில் வளர்ந்த சிறுவனுக்குக் கடலோடியாக வேண்டும் என்ற ஆசை எப்படியோ பிறந்தது. உறவினர் வியந்தனர், மாமன் தடுத்துப் பார்த்தார், மனத்தை மாற்றும்படி உடன் அனுப்பப்பட்ட ஆசிரியரும் இறுதியில் கைவிட்டுவிட்டார். 1874-இல், பதினாறு வயதில், பிரான்சு நாட்டின் மார்செய் துறைமுகத்துக்குப் புறப்பட்டார் கான்ராட். பிரெஞ்சு மொழியை அவர் இளமையிலேயே கற்றிருந்ததால் அங்கே மொழித் தொல்லை இல்லை.

ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பிரெஞ்சுக் கப்பல்களோடு பழகினார். ஆனால் அவர் ரஷ்யக் குடிமகன். ரஷ்யப் படையில் சேர வேண்டிய கடமை உள்ளவர். இக்காரணத்தால் பிரெஞ்சுக் கப்பல்களில் பணிபுரிய அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆகவே 1878-இல் ‘மேவிஸ்’ என்ற பிரிட்டிஷ் நீராவிக் கப்பலில் ஏறினார். அவ்வாண்டு ஜூன் 10-ஆம் நாள் இங்கிலாந்தின் கீழ்க்கரையில் உள்ள லோஸ்டாப்ட் துறைமுகத்தில் கால் வைத்தார். அங்கே அவருக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஊராரின் மொழியும் தெரியாது.

அவ்வூரிலிருந்து நியூகாசில் சென்று நிலக்கரி ஏற்றி வரும் சிறிய பாய்மரக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ‘ஸ்கிம்மர் ஆப் தி ஸீ’ என்பது அதன் பெயர். சுமார் இரண்டரை மாத காலம் அதில் பணிபுரிந்தார். கீழ்க்கரையைச் சேர்ந்த எளிய மாலுமிகளே அவருக்கு ஆங்கில ஆசிரியர்கள்; கப்பலின் மேல்தளமே வகுப்பறை. கரைக்கு வந்தால் செய்தித்தாள்களைப் படித்தார். அவ்வாண்டு இறுதியில் ஆஸ்திரேலியாவுக்குச் செல்லும் பெரிய கப்பலில் இடம் கிடைத்தது.

கையால் தொட்ட சொற்கள்

இங்கே நாம் சற்று நின்று, கப்பலில் மொழி கற்பதென்றால் என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கில மரபுத்தொடர்களில் எத்தனையோ, பாய்மரக் கப்பலில் பிறந்து கரையேறி வந்தவை.

பாய்மரக் கப்பலில் புதிதாக ஏறுபவனுக்கு முதலில் தெரிவது ஒரு கயிற்றுக் காடு. பெரிய கப்பலாயின் நூற்றுக்கும் மேற்பட்ட கயிறுகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர், தனி இடம், தனி வேலை. நள்ளிரவில் புயல் வீசும்போது, இருட்டில், மேலதிகாரி கூவும் பெயருக்குரிய கயிற்றைக் கை தானாகச் சென்று பற்ற வேண்டும். தவறான கயிற்றை அவிழ்த்தால் பாய் கிழியலாம். பாய்மரத்தின் மேல் நிற்பவன் உயிரே போகலாம். ஆகவே கயிறுகளைக் கற்பதே புதியவனுக்கு முதற்பாடம். ‘லேர்னிங் தி ரோப்ஸ்’ என்ற தொடர் இப்படி வந்தது. ஒரு தொழிலின் நெளிவு சுளிவுகளைக் கற்பது என்று நாம் சொல்வதை ஆங்கிலேயர் கயிறுகளைக் கற்பது என்கின்றனர்.

பாயின் பின்புறம் காற்று அடித்தால் கப்பல் முன்னே செல்லும். காற்றின் திசை திடீரென்று மாறி முன்புறத்திலிருந்து தாக்கினாலோ, பாய்கள் மரத்தோடு அப்பிக்கொள்ளும்; ஓடிக்கொண்டிருந்த கப்பல் திகைத்தாற்போல் நின்றுவிடும்; பின்னோக்கியும் தள்ளப்படும். அந்த நிலைக்கு மாலுமிகள் இட்ட பெயர் ‘டேக்கன் அபேக்’. எதிர்பாராத செய்தி கேட்டுத் திடுக்கிட்டு நிற்பவரைப் பற்றி இன்று அதே தொடரைச் சொல்கின்றனர்.

‘பை அண்ட் லார்ஜ்’ என்றொரு தொடர் உண்டு. பொதுவாகப் பார்த்தால் என்பது அதன் பொருள். ‘பை’ என்றால் என்ன, ‘லார்ஜ்’ என்றால் என்ன என்று எவ்வளவு நேரம் அகராதியைப் புரட்டினாலும் நமக்கு விளங்காது. ஒரு கப்பல் காற்றை ஏறக்குறைய எதிர்த்துச் செல்வது ஒரு வகை; காற்றைப் பின்னால் வாங்கிக்கொண்டு செல்வது மற்றொரு வகை. அவற்றையே அவ்விரு சொற்களும் குறித்தன. இரு வகையிலும் நன்றாக ஓடும் கப்பல் எந்நிலையிலும் நல்ல கப்பல் அல்லவா? அதிலிருந்தே இப்பொருள் பிறந்தது.

நம்மை வியக்கச் செய்யும் ஒற்றுமையும் ஒன்று உண்டு. மாலுமிகள் ஓய்வு நேரத்தில் பழைய கயிற்றைப் பிரித்து, இழைகளை மீண்டும் முறுக்கிக்கொண்டே கதை பேசுவர் என்பர். ஆகவே நீண்ட கதை சொல்வதை ஆங்கிலத்தில் ‘ஸ்பின்னிங் எ யார்ன்’, அதாவது இழை திரிப்பது என்கின்றனர். நாமும் தமிழில் கயிறு திரிப்பது என்கிறோம்! ஆனால் இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. நாம் கயிறு திரிக்கிறான் என்றால் பொய் சொல்கிறான் என்று குறை கூறுகிறோம். ஆங்கிலத் தொடரில் அவ்வளவு குற்றச்சாட்டு இல்லை. சுவையாகக் கதை சொல்வதையும் அது குறிக்கும். அண்டை வீட்டார் போல் தோன்றும் தொடர்களும் உள்ளே வேறு குணம் உடையவை என்பதற்கு இதுவே சான்று.

நாம் இத்தொடர்களைப் புத்தகத்தில், வலப்புறம் பொருளும் இடப்புறம் தொடருமாகக் காண்கிறோம். கான்ராட் போன்ற மாலுமிக்கோ அவை கையில் உறைத்த கயிறு, முகத்தில் அறைந்த காற்று. பொருளை முன்னே கண்டார். உவமை பின்னே வந்தது. வேற்றுமொழியின் மரபுத்தொடரைப் புரிந்துகொள்ள இதைவிட உறுதியான வழி வேறில்லை.

தோல்வியும் தேர்ச்சியும்

எனினும் காது மட்டும் போதுமென்று அவர் இருந்துவிடவில்லை. பழுதுபட்ட கப்பல் ஒன்று பால்மத் துறைமுகத்தில் பல மாதங்கள் முடங்கிக் கிடந்தபோது, ஷேக்ஸ்பியரின் படைப்புகள் அடங்கிய ஒற்றைத் தொகுதியை வைத்துக்கொண்டு படித்தார். கப்பலைச் செப்பனிடுவோரின் சுத்தியல் ஓசையே அப்படிப்புக்குப் பின்னணி. தந்தையின் மொழிபெயர்ப்பில் கண்ட கவிஞரை இப்போது நேருக்கு நேர் சந்தித்தார்.

கப்பல் அதிகாரியாக உயர வேண்டுமானால் ஆங்கிலத்தில் தேர்வு எழுத வேண்டும். தேர்வாளரின் கேள்விகளுக்கு வாய்மொழியாகவும் விடை சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் கால் வைத்த இரண்டே ஆண்டுகளில், 1880-இல், இரண்டாம் துணை அதிகாரிக்குரிய தேர்வில் வென்றார். 1884-இல் முதல் துணை அதிகாரிக்கான தேர்வில் முதலில் தோற்றார். சில வாரங்களில் மீண்டும் எழுதி, தம் இருபத்தேழாம் பிறந்தநாளன்று தேர்ச்சி பெற்றார். 1886-இல் கப்பல் தலைவருக்கான தேர்விலும் முதலில் தோல்வி, நவம்பரில் வெற்றி. அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் பிரிட்டிஷ் குடிமகனும் ஆனார். தேர்வு முடிவைக் கண்டு கண்ணீர் விடும் நம் தோழியர் இந்த ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

நம் சென்னைக்கும் அவர் வாழ்வில் ஒரு சிறு இடம் உண்டு. ‘ரிவர்ஸ்டேல்’ என்ற கப்பலில் துணை அதிகாரியாக 1884 ஏப்ரலில் அவர் சென்னைத் துறைமுகத்துக்கு வந்தார். கப்பல் தலைவரைப் பற்றி மருத்துவர் ஒருவரிடம் அவர் சொன்ன சொல் தலைவரின் காதுக்கு எட்டி, இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட்டது. கான்ராட் எழுத்து மூலம் மன்னிப்புக் கோரியும் பயனின்றி அக்கப்பலை விட்டு விலக நேர்ந்தது. சென்னையிலிருந்து இரயிலேறிப் பம்பாய் சென்று, ‘நார்சிசஸ்’ என்ற கப்பலில் சேர்ந்தார். அப்பயணத்தின் அனுபவமே 1897-இல் அவருடைய புகழ்பெற்ற கடல் நாவல்களுள் ஒன்றாக மலர்ந்தது.

எழுத்தாளராதல்

1888-இல் ‘ஒட்டாகோ’ என்ற கப்பலுக்குத் தலைவரானார். மறு ஆண்டு இலண்டனில் வேலையின்றி இருந்த நாட்களில் ஒரு கதையை எழுதத் தொடங்கினார். அக்கையெழுத்துப் பிரதி அவருடைய பெட்டியிலேயே ஆண்டுக்கணக்கில் உலகைச் சுற்றியது. ஆப்பிரிக்காவின் காங்கோ ஆற்றில் மூழ்கிப் போகவும் பார்த்தது. 1895-இல் ‘ஆல்மேயரின் மடமை’ என்ற அந்நாவல் வெளிவந்தபோது கொஜெனியோவ்ஸ்கி என்ற பெயரை விடுத்து, ஆங்கிலேயர் நாவுக்கு எளிதான ஜோசப் கான்ராட் என்ற பெயரைச் சூடிக்கொண்டார். அந்நூலை, முந்தின ஆண்டு மறைந்துவிட்ட தாய்மாமனின் நினைவுக்குக் காணிக்கையாக்கினார்.

அவருடைய எழுத்தாற்றலை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் பதிப்பகத்தில் கையெழுத்துப் பிரதிகளைப் படிக்கும் பணியில் இருந்த எட்வர்ட் கார்னெட். ஒருநாள் கான்ராட் தம் இரண்டாம் நாவலின் பக்கங்களை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். கார்னெட்டுக்குப் பின்தொடர்ந்து கேட்பதே கடினமாயிற்று. காரணம், அழகாகவும் பொருத்தமாகவும் எழுதியிருந்த சொற்கள் பலவற்றை அவர் தவறாக உச்சரித்தார்; அவற்றைப் புத்தகத்தில் கண்டிருந்தாரேயன்றி ஒருவர் சொல்லக் கேட்டதில்லை. கப்பலில் கேட்ட ஆங்கிலம் ஒன்று, நூலில் கண்ட ஆங்கிலம் மற்றொன்று. இரண்டும் அவருடைய நாவில் கடைசிவரை முழுவதும் ஒன்று சேரவில்லை. 1923-இல் உலகப் புகழோடு அமெரிக்காவுக்குச் சென்றபோதும் அவருடைய பேச்சில் போலந்து நாட்டு ஒலி மாறாமலே இருந்தது.

அதற்காக அவர் கூச்சப்பட்டு ஒதுங்கவில்லை. எழுதியதை நண்பர்களிடம் காட்டித் திருத்தம் கேட்டார். போர்டு மாடக்ஸ் போர்டு என்னும் இளம் எழுத்தாளரோடு சேர்ந்து நாவல்கள் எழுதினார். ஏற்ற சொல்லைத் தேடி இருவரும் நெடுநேரம் உரையாடினர். ஆய்ந்து பார்த்த அறிஞர்கள், அவருடைய ஆங்கிலத்தில் போலிஷ் வாக்கிய அமைப்பும் பிரெஞ்சுத் தொடர்களின் சாயலும் ஆங்காங்கே தென்படுவதாகக் கூறுவர். அந்நிறமும் சேர்ந்ததே அவருடைய நடையின் தனியழகு என்று போற்றுவோரும் உளர்.

காய்ச்சலில் வந்த தாய்மொழி

1896-இல் ஜெஸ்ஸி ஜார்ஜ் என்ற ஆங்கிலப் பெண்மணியை மணந்தார். மணமக்கள் பிரான்சின் பிரிட்டனிக் கரையை ஒட்டிய ஒரு சிறு தீவில் தங்கியிருந்தபோது கான்ராட்டுக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. நினைவு தடுமாறிய நிலையில் அவர் இடைவிடாமல் பேசினார். ஆனால் பேசியது போலிஷ் மொழியில். இளம் மனைவிக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கணவர் என்ன கேட்கிறார், எதை அஞ்சுகிறார் என்று அறியாமல், அந்நிய நாட்டில் தனியே, அவர் பட்ட தவிப்பை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் அவர் விலகாமல் அருகிருந்து பேணினார். பின்னர் கணவருடைய கையெழுத்துப் பிரதிகளைத் தட்டச்சு செய்து கொடுத்தவரும் அவரே.

இதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்த ‘ஏமி பாஸ்டர்’ என்ற சிறுகதையில் இந்நிகழ்ச்சியின் நிழலைக் காண்கிறோம். கப்பல் உடைந்து இங்கிலாந்தின் கரையில் ஒதுங்குகிறான் கிழக்கு ஐரோப்பிய இளைஞன் ஒருவன். அவன் பேச்சு புரியாமல் ஊரார் அவனைப் பைத்தியம் என்று விரட்டுகின்றனர். ரொட்டி கொடுத்து இரங்கிய ஏமி என்ற பணிப்பெண் பின்னர் அவனை மணக்கிறாள். காய்ச்சலில் கிடக்கையில் தண்ணீர் கேட்கிறான். தன்னையறியாமல் தாய்மொழியில் கேட்கிறான். அந்த அந்நிய ஒலியைக் கேட்டு அஞ்சி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறாள் மனைவி. அவன் மடிகிறான். ஒரு குவளைத் தண்ணீர் என்ற மிக எளிய வேண்டுதலும் மொழி புரியாவிடில் அச்சமூட்டும் கூச்சலாகிவிடும் என்பதை அறிந்த ஒருவரால்தான் இக்கதையை எழுத முடியும்.

தாய்மொழியைத் துறந்துவிட்டார் என்ற பழியும் அவரைத் தொட்டது. 1899-இல் போலந்தின் புகழ்பெற்ற பெண் எழுத்தாளர் எலிசா ஒஷெஷ்கோவா, திறமை மிக்கவர்கள் நாட்டை விட்டுச் சென்று பிறமொழியில் எழுதிப் பொருள் ஈட்டுவதாகக் கான்ராட்டைப் பெயர் சொல்லிக் கண்டித்தார். அச்சொல் அவரை ஆழமாகப் புண்படுத்தியது. ஆங்கிலத்தைத் தாம் தேர்ந்துகொள்ளவில்லை என்றும், அம்மொழியே தம்மை ஏற்றுத் தன்வயமாக்கிக்கொண்டது என்றும் பிற்காலத்தில் அவர் விளக்கினார். 1914 ஜூலையில் மனைவி மக்களை அழைத்துக்கொண்டு, தம் தந்தையை அடக்கம் செய்த கிராக்கோவ் நகருக்குச் சென்றார். அங்கிருக்கும்போதே உலகப்போர் மூண்டது. பல வாரங்கள் சிக்கியிருந்து, வியன்னா, இத்தாலி வழியாகத் திரும்பினார். 1918-இல் போலந்து மீண்டும் தனிநாடானதைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது.

நங்கூரம் பற்றிய ஒரு பாடம்

மாணவராக வந்தவர் ஆசிரியராக உயர்ந்த ஒரு சிறு செய்தியை நாம் கூறாமல் விடலாகாது. 1906-இல் வெளிவந்த ‘கடலின் கண்ணாடி’ என்ற கட்டுரை நூலில், ஆங்கிலப் பத்திரிகையாளர் செய்யும் ஒரு பிழையைக் கான்ராட் சுட்டிக்காட்டினார். கப்பல் நங்கூரத்தை எறிந்தது என்று அவர்கள் எழுதி வந்தனர். எந்த மாலுமியும் அப்படிச் சொல்வதில்லை. நங்கூரத்தை விடுவதாகவே சொல்வான். ஏனெனில் கப்பலின் முகப்பில் கனத்துத் தொங்கும் அந்த இரும்பை எவரும் தூக்கி எறிவதில்லை. பிடித்து நிறுத்தியிருப்பதை அவிழ்த்தால் அது தானே நீரில் பாயும். நம் தமிழரும் நங்கூரம் பாய்ச்சுதல் என்று சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது. வேலை செய்யும் கைகள் தலைமுறை தலைமுறையாகத் தீட்டி வைத்த சொல்லை, வேலை அறியாதவர் சிதைக்கலாகாது என்பது கான்ராட்டின் கருத்து. இருபது வயதில் ஆங்கிலம் தெரியாமல் வந்திறங்கியவர், ஆங்கிலேயருக்கே அவர்களுடைய மரபை எடுத்துரைத்தார்!

‘லார்ட் ஜிம்’ (1900), ‘நோஸ்ட்ரோமோ’ (1904) ஆகியன அவருடைய சிறந்த நாவல்களாகப் போற்றப்படுகின்றன. காங்கோ அனுபவத்தில் பிறந்த ‘இருளின் இதயம்’ ஐரோப்பியரின் பேராசையைக் காட்டுகிறது. ஆயினும் அது ஆப்பிரிக்க மக்களை மனிதராகவே காட்டவில்லை என்று நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1975-இல் கடுமையாகச் சாடினார். அவ்வாறு சாடியவரும் தாய்மொழியல்லாத ஆங்கிலத்தில் எழுதியே உலகைக் கேட்க வைத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவு

1924-இல் பிரிட்டிஷ் அரசு ‘சர்’ பட்டம் அளிக்க முன்வந்தபோது கான்ராட் பணிவுடன் மறுத்துவிட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், கான்டர்பரி நகருக்கு அருகில் தம் இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அந்நகரின் புனித தோமையார் கத்தோலிக்க ஆலயத்தில் வழிபாடு நடந்தபின், அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறைக் கல்லில் அவருடைய பிறவிப்பெயரும் பொறிக்கப்பட்டுள்ளது. ஆனால் தியோடர் என்ற பெயரில் எழுத்துப்பிழை நேர்ந்துவிட்டது. அவர்களுடைய மொழியில் ஒவ்வொரு சொல்லையும் எடைபோட்டு எழுதியவரின் பெயரை அவர்களால் பிழையின்றி எழுத முடியவில்லை. பிறமொழி என்பது எல்லார்க்கும் கடினமே.

இவ்வாழ்விலிருந்து நாம் பெறுவது யாது? நாம் எல்லோரும் கப்பலேற முடியாது. ஆனால் ஒரு மரபுத்தொடரைக் காணும்போது, இது எந்தத் தொழிலில், எந்தக் காட்சியில் பிறந்தது என்று கேட்டுப் பார்க்க முடியும். கை கழுவிவிடுவது என்ற பொருளுடைய ஆங்கிலத் தொடரை எவரும் நமக்கு விளக்க வேண்டியதில்லை. பிலாத்து தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கைகளைக் கழுவிய காட்சி நம் கண்முன் நிற்கிறது. அத்தகைய காட்சி ஒவ்வொரு தொடருக்குப் பின்னாலும் இருக்கக்கூடும். அதைத் தேடிக் கண்டுகொண்டால் பட்டியல்கள் சுமையாக இரா. உச்சரிப்பு பிசகுமோ என்று வாய்மூடி இருக்கவும் வேண்டாம். கான்ராட் பிசகினார், ஆயினும் பேசினார். பள்ளியில் புதிதாகச் சேர்ந்த தோழி ஒருத்தி நம் பேச்சு விளங்காமல் விழித்தால், ஏமியைப் போல் அஞ்சி ஓடாமல், ஜெஸ்ஸியைப் போல் அருகில் இருப்போம்.

இத்தனைக்கும் மேலாக, காய்ச்சலின் மயக்கத்திலும் கான்ராட்டின் நாவுக்கு வந்தது தாயிடம் கற்ற மொழியே என்பதை மறவாதிருப்போம். ஆங்கிலத்தை அதன் மரபறிந்து நன்றாகக் கற்போம். நம் தமிழின் மரபையும் அதே அக்கறையோடு காப்போம்.